ஆமைக்குஞ்சுக்குக் கடல் திசை எப்படித் தெரிகிறது? திருகோணமலைக் கரையிலிருந்து சில கேள்விகள்

நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்: அண்ணை, எங்கட கரையில பொரிச்ச குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் றோட்டுப் பக்கம் ஊருது. ஏன்?

பதில்: விளக்குத்தான் காரணம், தம்பி. இரவில் மணலைக் கிளறி மேலே வரும் குஞ்சு, தாழ்வாக வெளிச்சம் தெரியும் அடிவானத்தை நோக்கி ஓடும். உயர்ந்து இருண்டு நிற்பதை விட்டு விலகும். விளக்கில்லாத கரையில் வெளிச்சம் கடல், இருட்டு தாழையும் பனையும். ஹோட்டல் விளக்கு இதைத் தலைகீழாக்கிவிடுகிறது. கடற்கரையில் நின்று பார்த்தால் தெரியும் எல்லா விளக்கையும் அணையுங்கள். நடைபாதைக்கு வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்டு, செம்மஞ்சள் எல்இடி பொருத்துங்கள். அலைநீளம் 560 நானோமீற்றருக்கு மேல் இருக்க வேண்டும். ‘வார்ம் வைட்’ என்று விற்பதை நம்ப வேண்டாம். அதிலும் நீல ஒளி கலந்திருக்கும். குஞ்சை அதிகம் இழுப்பது நீலமும் பச்சையும்தான்.

உப்புவெளி: வழி தவறினதைத் தூக்கித் தண்ணிக்குள்ள விடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். விளக்கை அணைத்து, இருண்ட மணலில் வைத்து, தானாக ஊர விடுங்கள். அந்தச் சில நிமிடங்களில் கடல் திசை, பூமியின் காந்தப்புலத்தை அறியும் அதன் உணர்வில் பதிகிறது. நீரில் இறங்கியதும் அலையை எதிர்த்து நீந்தும். இருட்டில் அலையைக் கண்ணால் அல்ல, உடம்பு ஆடும் ஒழுங்கால் அறிகிறது: எதிரே வரும் அலை மேலே தூக்கும், பின்னே தள்ளும், கீழே இறக்கும், முன்னே இழுக்கும். இந்த ஒழுங்கு மாறினால் குஞ்சு திரும்பிக்கொள்ளும்.

குச்சவெளி, மீனவர்: கச்சான் காத்துக் காலத்தில கடல் குளம் மாதிரிக் கிடக்குமே, அலை இல்லாமல் எப்படித் திசை தெரியும்?

பதில்: அப்போது பதிந்த காந்தத் திசை கைகொடுக்கும். கடலாமை ஆய்வாளர் கென்னத் லோமன் 1991இல் இதை இருண்ட தொட்டியில் காட்டினார். காந்தப்புலத்தை எதிர்ப்பக்கம் திருப்பியதும் குஞ்சுகளும் திரும்பின.

ஆசிரியை, திருகோணமலை நகரம்: வளர்ந்த ஆமை பிறந்த கரைக்கே வருவது எப்படி?

பதில்: ஒவ்வொரு கரைக்கும் காந்தப்புலத்தின் சாய்வும் (அது நிலத்தோடு செய்யும் கோணம்) வலிமையும் வேறு. காந்த நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் கரையில் சாய்வு ஏறக்குறைய சுழியம். இந்த அடையாளத்தை வைத்தே ஆமை அந்தப் பகுதிவரை வருகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் அந்த வரைபடம் நுணுக்கமானதல்ல. இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளில் ஓர் அழுங்காமை 176 கிலோமீற்றரில் இருந்த தீவை அடைய 1,306 கிலோமீற்றர் நீந்தியது.

நிலாவெளி: நாய் தோண்டாமல் முட்டைக்குழிக்கு இரும்பு வலை போடவா?

பதில்: இரும்புக் கம்பிவலை குழியின் காந்தப்புலத்தையே மாற்றும். பிளாஸ்டிக் வலைதான் நல்லது. அதையும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்த பிறகே போடுங்கள். கடலாமை முட்டையில் கைவைப்பது சட்டப்படி குற்றம்.