பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது... டிஸ்க் மாற்றினால் போதுமா?

கேள்வி: என்னுடையது ஆறு வருடம் ஓடிய ஹேட்ச்பேக். குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டு இறங்கியதிலிருந்து, 80 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. வீல் பேலன்சிங் செய்தும் பலனில்லை. முன்பக்க டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? - வாசகர், கோவை

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் அது பேலன்சிங் கோளாறு இல்லை. பேலன்சிங் கெட்டிருந்தால் பிரேக்கைத் தொடாமலே அந்த வேகத்தில் ஆடும். ஸ்டியரிங்கில் தெரிவதால் முன்பக்க டிஸ்க் மேல், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டின் மேல், சந்தேகப்படுவது நியாயம்தான். சீட்டில் மட்டும் தெரிந்திருந்தால் பின்பக்க டிரம் பிரேக்கைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிமன் ஒரு இடத்தில் கூடி, ஒரு இடத்தில் குறைந்து போகிறது, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே கைக்குத் தெரியும். மலை இறங்கிக் கொதிக்கும் பிரேக்கோடு வண்டியை நிறுத்தி பெடலை அழுத்தியபடியே இருந்தால் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் படிந்த இடம் திட்டாக நின்றுவிடும், அதுவும் இதே உதறலைத்தான் கொடுக்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது ஹப்பைப் பற்றி, அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதியைப் பற்றி. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தாலும், வீல் நட்டுகளை காற்றில் ஓடும் முறுக்கு கன் வைத்து ஏற்றத்தாழ்வாக முறுக்கியிருந்தாலும் டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும், சுற்றுக்கு ஒரு தடவை பேடில் உரசி அந்த இடம் மட்டும் தேயும். அந்தத் துருவை விட்டுவிட்டுப் புது டிஸ்க் போட்டால் முதலில் நன்றாகத்தான் இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் உதறல் திரும்பி வரும், நீங்களும் டிஸ்க் கம்பெனியைத் திட்டுவீர்கள்.

அதனால் ஹப்பைச் சுத்தமாகத் தேய்த்து, டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜ் என்ற அளவுக் கருவி வைத்து, டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பல கார்களில் 0.1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்கள் கையால் தள்ளினால் நகர வேண்டும், இறுகியிருந்தால் கிரீஸ் போட வேண்டும். முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் சின்ன உதறலும் பெரிதாகத் தெரியும், அதையும் பார்க்கட்டும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். அதற்கு மேல் தடிமன் மிச்சம் இருந்தால் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பிடித்தே சரிசெய்யலாம், இல்லையென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், பேடும் புதிதாகவே போடுங்கள். நட்டை, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி.

அப்புறம், காட் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். திடீரென அழுத்தி மிதிக்கும்போது பெடல் மட்டும் படபடவென்று அடித்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பயப்பட வேண்டாம். ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் கருகிய வாடை அடித்தாலோ அதற்குமேல் ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.