சரக்கு டிரெய்லருக்குள் ஒரு படுக்கை – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். டிரெய்லர் பயணங்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன மாதம் நானும் மனைவியும் பழைய கார்கோ டிரெய்லர் ஒன்று வாங்கிவிட்டோம். மூடிய பெட்டி, 6 அடி அகலம், 10 அடி நீளம், ஒற்றை ஆக்சில் (சக்கரங்களை இணைக்கும் அச்சு). வெறும் வண்டி 480 கிலோ. மொத்தம் 1,350 கிலோ வரை தாங்கும் என்று தகட்டில் போட்டிருக்கிறது. எங்கள் கார் 900 கிலோ வரை இழுக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் 10 ஷீட், பின்கதவை ஒட்டி சமையல் மேடை, மேடைக்கு அடியில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இரண்டு என்று திட்டம். குளிர் புகாமல் இருக்க எல்லாச் சந்துகளையும் அடைத்துவிடப் போகிறேன். கூரையில் ஓட்டை போட மட்டும் மனம் வரவில்லை, ஒழுகுமோ என்று பயம். இது சரிவருமா? எதில் தொடங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

வாங்கியதற்கு வாழ்த்துகள். நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் இன்னும் பிளைவுட் வாங்கவில்லை என்று நினைக்கிறேன், வாங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

தகட்டில் இருக்கும் 1,350 கிலோவை மறந்துவிடுங்கள். அது ஆக்சிலும் டயரும் தாங்கும் பாரம். உங்கள் கணக்கு காரின் 900 கிலோவில்தான் நிற்கிறது. அதில் வண்டியே 480 போனால் மிச்சம் 420. இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். 18 மில்லிமீட்டரில் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறத்தாழ 30 கிலோ இருக்கும், 10 ஷீட் என்றால் 300 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 100. லெட் ஆசிட் பேட்டரி அந்த அளவில் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும், இரண்டுக்கு 60. கூட்டினால் 460. மெத்தை, துணிமணி, பாத்திரம், ஸ்டெப்னி எதுவும் இன்னும் ஏறவில்லை, அதற்குள் 40 கிலோ தாண்டிவிட்டது. வீட்டு அலமாரி செய்கிற பழக்கத்தில் எல்லோரும் 18 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறார்கள். 9 மில்லிமீட்டர் ஷீட்டை மெல்லிய மரச்சட்டத்தின் மேல் போட்டாலே இருவர் படுக்கத் தாங்கும், சட்டங்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம் விடாமல் இருந்தால் போதும். பேட்டரியையும் மாற்றுங்கள். லெட் ஆசிட்டில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், ஆக உங்கள் இரண்டு பேட்டரியிலும் சேர்த்து உருப்படியாகக் கிடைப்பது ஒரு பேட்டரி அளவுதான். அதை ஒரே ஒரு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கொடுத்துவிடும், எடை 12 கிலோ அளவில். ஒரே நிபந்தனை, உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எந்தப் பேட்டரியாக இருந்தாலும் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள், நாலு அடி தள்ளிப் போட்டால் அந்த நாலு அடி ஒயருக்குக் காவல் இல்லை.

தொட்டியைப் பின்கதவுக்கு அருகே வைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கார் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். பாரம் ஆக்சிலுக்குப் பின்னால் போகப் போக கொக்கி லேசாகும், அது லேசானால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். எனக்கு ஒருமுறை நீண்ட இறக்கம் ஒன்றில் அது நடந்தது. முதலில் கண்ணாடியில் டிரெய்லரின் ஓரம் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது, அப்புறம் மறுபக்கம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, ஆனால் காரைத் திருப்பியது டிரெய்லர்தான். அந்த நேரத்தில் கார் பிரேக்கை அழுத்திவிடக் கூடாது, எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருந்து அதைக் கையால் இயக்கும் வசதியும் இருந்தால் அதை மட்டும் மெல்லக் கொடுக்கலாம். அன்றைக்குப் பிறகு எதை உள்ளே வைத்தாலும் மறுபடி எடை பார்க்காமல் நான் கிளம்புவதில்லை. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும்: சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரின் முன்முனை காரில் மாட்டும்போது இருக்கிற அதே உயரத்தில் நிற்கும்படி மெஷின் மேல் ஒரு மரத்துண்டை வைத்து இறக்குங்கள். உங்கள் டிரெய்லர் 850 கிலோவில் முடிந்தால் அங்கே 85 முதல் 127 வரை காட்ட வேண்டும். காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் கார் புத்தகத்தில் பாருங்கள், அது தனிக் கணக்கு. தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு மேலேயோ சற்று முன்னாலோ வைத்தால் நிரம்பினாலும் காலியானாலும் பெரிய வித்தியாசம் வராது. 100 லிட்டர் வேண்டவே வேண்டாம், 20 லிட்டர் கேன் இரண்டு வையுங்கள், தூக்கிக் கழுவவும் வசதி.

இனி மூச்சு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி, எல்லாச் சந்துகளையும் அடைக்கப் போகிறேன், கூரையில் ஓட்டை போடமாட்டேன் என்பதுதான். அந்தப் பெட்டி மூட்டை முடிச்சுகளுக்காகச் செய்தது. மூட்டை மூச்சு விடாது. இரண்டு பேர் 8 மணி நேரம் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டர் அளவுக்குத் தண்ணீர் காற்றில் கலக்கிறது. உங்கள் பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர், 20 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று முழுவதும் சேர்ந்து 170 கிராம் ஈரத்துக்கு மேல் தாங்காது. மிச்சமெல்லாம் எங்கே போகும்? எங்கள் முதல் டிரெய்லரில் நானும் இப்படித்தான் இறுக்கி அடைத்தேன். காலையில் விழித்தபோது சுவரில் வரிசையாகச் செங்குத்துக் கோடுகள், எல்லாம் நீர்த்துளி. உள்ளே இரும்புச் சட்டம் ஓடும் இடங்களில் மட்டும், விலா எலும்பை வரைந்து காட்டியது போல. இரண்டு வாரப் பயணம் முடிந்து மெத்தையைத் தூக்கினால் அடியில் பலகை கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது, உள்ளங்கையை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. மனைவிக்கு இருமல் ஏன் விடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் முதல் வேலை கூரை ஃபேன், படுக்கை அப்புறம். இதற்கென்றே வரும் ஃபேன்களுக்குப் பெரும்பாலும் 14 அங்குலச் சதுரத் திறப்பு வேண்டும். உள்ளிருந்து கூரைச் சட்டங்களைத் தட்டிப் பார்த்து, சட்டத்தை வெட்டாமல் இரண்டுக்கும் நடுவில் இடம் குறியுங்கள். நான்கு மூலையிலும் உள்ளிருந்து மேலே சிறு துளை போட்டுவிட்டு, வெளியே ஏறி அந்தத் துளைகளை இணைத்துக் கோடு போட்டு வெட்டினால் இடம் தப்பாது. திறப்பைச் சுற்றி உள்ளே மரச்சட்டம் கொடுங்கள், திருகுக்குப் பிடி வேண்டும். ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்), திருகை முடுக்கும்போது அது ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும், பிதுங்கியதை வழித்துவிட்டு மேலே தானாகப் பரவும் கூரை சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை). சிலிக்கான் மட்டும் பூசிவிடாதீர்கள். பின்னால் ஒழுகினால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போகும். ஒழுகும் என்ற பயம் நியாயமானதுதான், ஆனால் கூரைவழி வரும் நீர் மழை பெய்தால்தான் வரும், மூச்சு நீர் தினமும் இரவு வரும். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர, எதிர்முனையில் தரைக்கு அருகே ஒரு சிறு காற்றுவழியும் வேண்டும்.

சுவருக்கு 25 மில்லிமீட்டர் ஃபோம் போர்டைச் சட்டங்களுக்கு நடுவில் தகரத்தை ஒட்டி இடைவெளி இல்லாமல் வைத்து, சட்டங்களின் மேலும் ஒரு மெல்லிய அடுக்கு ஒட்டுங்கள். அந்த மேல் அடுக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், குளிர் அந்த இரும்பு வழியாகத்தான் வருகிறது. மெத்தைக்கு அடியில் முழுப்பலகை வேண்டாம், பட்டை பட்டையாக இடைவெளி விட்டு அடியுங்கள்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பிறக்கிறது. அதைவிட, மூடிய பெட்டிக்குள் எரியும் எந்த அடுப்பும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கலாம், அதற்கு மணம் கிடையாது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது பற்றி யோசிக்கவே கூடாது. வெளியிலிருந்து காற்றை எடுத்து வெளியிலேயே புகையை விடும் ஹீட்டர்தான் சரி. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

இன்னொன்று, இதை யாரும் வாங்கும்போது கவனிப்பதில்லை. கார்கோ டிரெய்லரின் தாழ்ப்பாள் பெரும்பாலும் வெளியே மட்டும்தான் இருக்கும். உள்ளிருந்து திறக்கும் பிடி இல்லாமல் ஒரு இரவுகூட அதில் படுக்காதீர்கள். ஆள் நுழைந்து வெளியேறும் அளவுக்கு ஒரு ஜன்னலும் வேண்டும், கதவுப் பக்கம் தீ என்றால் வேறு வழி அதுதான்.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்கள். உள்பிடி, ஃபேன், காற்றுவழி. இந்த மூன்றும் ஆனதும், எதையும் அடிக்காமல் தரையில் மெத்தையைப் போட்டு நீங்கள் இருவரும் நான்கு இரவு வாசலிலேயே படுத்துப் பாருங்கள். தரையில் டேப் ஒட்டி மேடை எங்கே, அலமாரி எங்கே என்று குறித்துக்கொண்டு, ராத்திரி எழுந்து நடக்கும்போது முழங்கால் எங்கே இடிக்கிறது என்று கவனியுங்கள். அந்த நான்கு நாளில் திட்டம் பாதியாவது மாறும், மாறட்டும். பலகை வாங்கும் முன் வெறும் டிரெய்லரை எடை மேடையில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள், பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் எதையாவது சேர்த்திருந்தால் 480 என்பது 520ஆகக்கூட இருக்கும். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள், படுக்கைச் சட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அண்ணன்