பழி மட்டும் பிரஸ்ஸல்ஸுக்கு

வணக்கம் ஐயா,
ஐரோப்பிய ஒன்றியம் பற்றிக் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுதுகிறேன். முகம் தெரியாத அதிகாரிகள் கோடிக்கணக்கான மக்களுக்குச் சட்டம் போடுவது அநியாயம் இல்லையா? ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை தீருமா?
– ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் கோபம் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆனால் அதிகாரிகளே சட்டம் போடுகிறார்கள் என்று யார் சொன்னது? ஆணையம் வரைவைக் கொண்டுவரும். அதை நிறைவேற்றுவது பெரும்பாலும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர்கள் அவையும் சேர்ந்துதான். கட்டுரை எழுத உட்காரும் முன் இதையாவது படித்திருக்க வேண்டாமா?

தலைவர் விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயம். 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் முதலிடம் பிடித்த கட்சி அணி ஆணையத் தலைவர் பதவிக்கு முன்னிறுத்திய மான்ஃப்ரெட் வெபரை ஒதுக்கிவிட்டு, அந்தப் பதவிக்கு வேட்பாளராகவே இல்லாத உர்சுலா ஃபொன் டெர் லையனை உறுப்பு நாட்டுத் தலைவர்கள் கொண்டுவந்தார்கள். சரி, அது கிடக்கட்டும்.

என்னை ரொம்ப நாளாக உறுத்துவது அந்த அமைச்சர்கள் அவைதான். அங்கே உட்காருபவர்கள் அவரவர் நாட்டு அரசின் ஆட்கள். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் ஒரு முடிவுக்குத் தலையாட்டிவிட்டு ஊர் திரும்பியதும், "நான் என்ன செய்வேன், பிரஸ்ஸல்ஸ் சொல்லிவிட்டது" என்று கையை விரிக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் அப்படிச் சொன்னதே இவர்தானே! சட்டத்துக்கு அமைச்சர்கள் வாக்களிக்கும் கூட்டம் பொதுவில் நடக்கிறது, உண்மைதான். ஆனால் பேரத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே, 150க்கும் மேற்பட்ட ஆயத்தக் குழுக்களில் முடிந்துவிடுகிறது. அங்கே எந்த நாடு என்ன நிலை எடுத்தது என்று முறையாகப் பதிவு செய்வதில்லை, இது நிர்வாகச் சீர்கேடு என்று 2018இல் ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் எமிலி ஓ'ரெய்லியே சொன்னார். பதிவே இல்லையென்றால் சொந்த நாட்டு எம்.பி. தன் அமைச்சரை எதை வைத்து மடக்குவார்?

டென்மார்க்கைப் பாருங்கள். முக்கியமான விஷயம் என்றால் அமைச்சர் கிளம்பும் முன்பே நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் தன் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். அங்கே பெரும்பான்மை எதிர்த்தால் அதை வைத்துப் பேச முடியாது. 1973இல் சேர்ந்த காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். அதைப் பின்பற்றாத நாடுகளின் எம்.பி.க்களை யார் தடுத்தார்கள்? பிரஸ்ஸல்ஸா?

நேரடித் தேர்தல் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, அடுத்த கடிதத்தில் பேசுவோம். அதற்குள் ஓ'ரெய்லியின் அறிக்கையை முழுசாகப் படித்துவிடுங்கள்.