மணலில் ஓடியும் எடை குறையவில்லையே?

கேள்வி: 15 வயதான என் மகன் உடற்கொழுப்பைக் குறைக்க மாலைதோறும் கடற்கரையில் விரைவோட்டம் ஓடுகிறான். எடை ஏன் குறையவில்லை?
– வாசகி, மண்டபம்

பதில்: விரைவோட்டம் நீடிக்கும் சில விநாடிகளில் தசை பெரும்பாலும் தன்னிடமுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்னும் உடனடி ஆற்றல் சேமிப்பையும் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பையுமே பயன்படுத்துகிறது, கொழுப்பு பல வாரங்களில், அதுவும் சிறிதளவே குறையும் என்பதாலும், வளரும் வயதில் தசையும் எலும்பும் கூடிக்கொண்டே இருக்கும் என்பதாலும், எடைக்கருவியை மட்டும் நம்பாமல் இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். பொதபொதவென்ற மணலில் கால் புதைவதால் ஆற்றல் கூடுதலாகச் செலவாகும் என்றாலும், கெண்டைக்கால் தசையும் குதிகால் நாணும் சிரமப்படும். அலை நனைத்து இறுகிய மணலே தொடக்கத்திற்கு ஏற்றது. விரைவோட்டம் வாரம் 3 நாள் போதும். மற்ற நாட்களில் நீச்சலோ கபடியோ ஆடட்டும். இவ்வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஓடி முடித்ததும் பரோட்டாக் கடைக்குப் போகிறானா என்பதையும் (கோபிக்காமல்) விசாரியுங்கள்.