கிட் காட்டாத கோப்புகள் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

கணினி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் கொழும்பில் அறுபதுகளில் வெளிவந்த ஒரு சிறு சஞ்சிகையைத் தட்டச்சு செய்து சேமித்து வருகிறோம். இதழ்களைக் கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவரிடம் இரவல் வாங்கி, ஸ்கேன் பண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எல்லாம் என் லெப்டொப்பில் ஒரு கிட் ரெப்போவில், அதாவது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளின் களஞ்சியத்தில், இருக்கின்றன. கோப்புகளுக்குத் தமிழில்தான் பெயர் வைத்திருக்கிறோம்.

லெப்டொப்பின் ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்று யூனிட்டி பிளாசாவில் காட்டியபோது சொன்னார்கள். கொடுக்க முன் 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டுப் பார்த்தேன். 'நத்திங் டு கமிட், வேர்க்கிங் ட்ரீ கிளீன்' (கமிட் பண்ண, அதாவது வரலாற்றில் பதிய, எதுவும் இல்லை) என்று வந்தது. ஆனால் தெகிவளையில் இருக்கும் நண்பர் ரெப்போவைக் குளோன் பண்ணியபோது (நகலெடுத்தபோது) தட்டச்சுக் கோப்புகள் மட்டும்தான் வந்தன, ஸ்கேன் படங்கள் ஒன்றுகூட இல்லை. மற்ற நண்பரின் கணினியில் 'கொழும்பு' என்ற பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன, அதில் ஒன்றைக் கிட் 'அன்டிராக்ட்' (தன் கணக்கில் இல்லாதது) என்கிறது. பெயரையும் தமிழில் காட்டாமல் வெறும் இலக்கங்களாகக் காட்டுகிறது.

'கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்' போட்டுவிட்டு மறுபடி புல் பண்ணினால் (பொது நகலில் இருந்து இறக்கினால்) சரிவரும் என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா? எது கிட்டுக்குள் இருக்கிறது, எது இல்லை என்று முழுப் பட்டியலாகப் பார்க்க வழி உண்டா?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் கிளீன் கட்டளையைத் தட்டாதீர்கள். தட்டினால் உங்கள் ஸ்கேன் படங்கள் அத்தனையும் போய்விடும். அதில் உள்ள 'எஃப்' கேள்வி கேட்காமல் அழிக்கச் சொல்வது. 'டி' கோப்புறைகளையும் சேர்த்துக்கொள்வது. 'எக்ஸ்' புறக்கணிப்புப் பட்டியலில் (கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதிவைத்த பட்டியலில்) உள்ளவற்றையும் விட்டுவைக்காதே என்பது. உங்கள் படங்கள் அந்தக் கடைசி வகையில்தான் இருக்கின்றன. அழிந்தவை குப்பைக் கூடைக்குப் போவதில்லை. கிட்டின் வரலாற்றிலும் தேட முடியாது, ஏனென்றால் அவை அதற்குள் ஒருநாளும் போகவில்லை. புல் பண்ணினால் திரும்பி வருவது கிட்டுக்குள் இருந்தவை மட்டும்தான். இதே கட்டளையை 'எஃப்'புக்குப் பதில் 'என்' போட்டு, 'கிட் கிளீன் -என்டிஎக்ஸ்' என்று தட்டினால் எதையும் அழிக்காமல், எவை அழியும் என்று மட்டும் காட்டும். அதைத் தட்டிப் பாருங்கள். நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று விளங்கும்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

சரி, ஸ்டேட்டஸ் ஏன் 'கிளீன்' என்றது? அது பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கும் அது பதில் சொல்லும் கேள்விக்கும் வித்தியாசம் இருக்கிறது. 'என் கோப்புகள் எல்லாம் பத்திரமா?' என்பது உங்கள் கேள்வி. ஸ்டேட்டஸ் சொல்வது, 'கடைசிக் கமிட்டுக்குப் பிறகு என்ன மாறியிருக்கிறது, புதிதாக என்ன வந்திருக்கிறது' என்பதை. மாறாமல் இருப்பவற்றை அது சொல்லவே சொல்லாது. புறக்கணிக்கச் சொன்னவற்றையும் சொல்லாது.

கிட்டின் உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, இன்டெக்ஸ் என்பார்கள். மறைவாக இருக்கும் 'கிட்' கோப்புறைக்குள் அதே பெயரில் ஒரு கோப்பாகவே அது இருக்கும். பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இடாப்பில் பெயர் இருந்தால் பிள்ளை வராவிட்டாலும் பெயர் கூப்பிடப்படும். பெயர் இல்லாவிட்டால் முதல் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாலும் கூப்பிட மாட்டார்கள். டிராக்ட் என்றால் இடாப்பில் பெயர் உண்டு, அன்டிராக்ட் என்றால் இல்லை, அவ்வளவுதான். 'கிட் ஆட்' செய்த உடனேயே பெயர் ஏறிவிடுகிறது, கமிட் வரை காத்திருப்பதில்லை.

அந்த இடாப்பை அப்படியே வாசித்துக் காட்டும் கட்டளைதான் 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்'. உங்கள் கேள்விக்கு நேரடி விடை அதுதான். ரெப்போவின் மேல்மட்டக் கோப்புறையில் நின்று தட்டுங்கள். உள்கோப்புறை ஒன்றுக்குள் நின்று தட்டினால் அதற்குக் கீழே உள்ளவற்றை மட்டும் காட்டும், மிச்சம் எல்லாம் காணாமல் போய்விட்டது போலத் தோன்றும். டிஸ்க்கில் கையால் அழித்துவிட்ட கோப்பின் பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கும். அப்படி இடாப்பில் இருந்தும் ஆளைக் காணாதவற்றை மட்டும் பார்க்க '-டி' சேர்த்தால் போதும்.

இடாப்பில் இல்லாதவற்றுக்கு 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --அதர்ஸ்'. இது எந்தப் புறக்கணிப்பு விதியையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது தலையிடி. உங்களுக்கு இன்றைக்குத் தேவையானது இதுதான். இதோடு '--எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட்' சேர்த்தால் விதிகளைப் பார்த்துக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள உண்மையான அன்டிராக்ட் கோப்புகளைக் காட்டும். உங்கள் கணினியில் இது வெறுமையாக வரும், ஸ்டேட்டஸ் கிளீன் என்றதும் இதனால்தான். அதோடு '--இக்னோர்ட்' என்பதையும் சேர்த்துவிட்டால் புறக்கணிக்கப்பட்டவை மட்டும் வரும். உங்கள் படங்கள் வரிசையாக இறங்குவது இங்கேதான். ஸ்டேட்டஸையே பயன்படுத்த விரும்பினால் 'கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்ட்' என்று கேளுங்கள். ஒன்று கவனியுங்கள், கோப்புறை முழுவதும் அன்டிராக்ட் என்றால் ஸ்டேட்டஸ் கோப்புறையின் பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும், உள்ளே இருப்பவற்றை விரிக்காது. விரிக்க '-யூஆல்' வேண்டும்.

இனி, படங்களை யார் புறக்கணிக்கச் சொன்னது? ஒரு படத்தின் பெயரைக் கொடுத்து 'கிட் செக்-இக்னோர் -வி' என்று கேளுங்கள். எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், எந்த விதி என்று அது சொல்லிவிடும். விதிகள் மூன்று இடங்களில் இருக்கலாம். ரெப்போவுக்குள் இருக்கும் கிட்இக்னோர் கோப்பு ஒன்று. உங்கள் நகலுக்கு மட்டும் உரிய, 'கிட்' கோப்புறைக்குள் 'இன்ஃபோ'வின் கீழ் இருக்கும் 'எக்ஸ்க்ளூட்' கோப்பு இன்னொன்று. உங்கள் கணினி முழுவதற்கும் பொதுவாக வைத்த பட்டியல் மூன்றாவது. கடைசி இரண்டும் குளோனோடு நண்பருக்குப் போகாது. ஆகவே உங்களிடம் புறக்கணிக்கப்படுவது அவரிடம் புறக்கணிக்கப்படாமல் இருக்கலாம், இதனால் வரும் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில், யாரோ தயாரித்த கிட்இக்னோர் ஒன்றை எடுத்துப் போட்டிருப்பீர்கள், அதில் 'டிஃப்' (ஸ்கேன் படங்களுக்கான ஒரு கோப்பு வகை) என்று முடியும் எல்லாவற்றையும் விடு என்று ஒரு வரி இருக்கும் என்பது என் ஊகம்.

அந்த வரியை எழுதியவர் மீது குற்றம் இல்லை. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலின் மூல நிரல்களை வைத்திருக்கத்தான். அந்த உலகத்தில் மனிதர் கையால் எழுதியது நிரல், அதிலிருந்து கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) உருவாக்குவதுதான் மற்றக் கோப்புகள். கையால் எழுதியதைக் காப்பாற்று, இயந்திரம் செய்ததை விடு, வேண்டுமென்றால் இன்னொரு முறை செய்துகொள்ளலாம். புறக்கணிப்பு என்ற எண்ணமே இதன் மேல்தான் நிற்கிறது. 'கிளீன்' கட்டளையில் 'எக்ஸ்' இருப்பதும் கம்பைல் பண்ணிய மிச்சங்களை வழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கத்தான். உங்கள் வேலையில் இது தலைகீழ். தட்டச்சுப் பிரதி கெட்டுப்போனால் படத்தைப் பார்த்து மறுபடி தட்டிவிடலாம். படம் போனால் அந்த இதழைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பப் போக வேண்டும். அங்கே அது இன்னும் இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? கிட் இரண்டாந்தரம் என்று ஒதுக்கியதுதான் உங்களுக்கு மூலம். சஞ்சிகை, கல்வெட்டுப் படி, பழைய கடிதம் என்று ஆவணம் சேர்க்கிற எல்லோரும் இந்த ஒரு விஷயத்தை வடிவாக யோசித்துக்கொள்ள வேண்டும். மென்பொருள்காரருக்கென்று தயாரித்த புறக்கணிப்புப் பட்டியல் நம் வேலைக்குப் பொருந்தாது. வெறுமையான கிட்இக்னோர் கோப்பில் இருந்து ஆரம்பித்து, தேவை வரும்போது ஒவ்வொரு வரியாகச் சேருங்கள்.

அதற்காகப் படங்களையும் கிட்டுக்குள் தள்ளிவிடலாமா என்றால், வேண்டாம். ஏ4 பக்கம் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் பண்ணிச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 26 எம்பி வரும். ஓர் இதழுக்கு நாற்பது பக்கம் என்றாலே ஒரு ஜிபியைத் தாண்டுகிறது. கிட் எதையும் மறப்பதில்லை. ஒரு படத்தைத் திருத்தி மறுபடி கமிட் பண்ணினால் பழையதும் வரலாற்றில் கிடக்கும், குளோன் பண்ணுகிற ஒவ்வொருவரும் இரண்டையும் இறக்க வேண்டும். கிட் எல்எஃப்எஸ் என்று பெரிய கோப்புகளுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு போதும். ஒன்று உங்களிடம், மற்றது தெகிவளையில். படங்களின் பெயர்ப்பட்டியலை மட்டும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிட்டுக்குள் வையுங்கள். அப்போது குளோன் பண்ணுகிறவருக்கு என்ன இருக்க வேண்டும், என்ன இல்லை என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த இலக்கங்கள். கிட்டுக்குத் தமிழ்ப் பெயர்களில் எந்தச் சிக்கலும் இல்லை, சரியாகத்தான் வைத்திருக்கிறது. திரையில் காட்டும்போது மட்டும், ஆஸ்கிக்கு (அடிப்படை ஆங்கில எழுத்துக் குறியீட்டுக்கு) வெளியே உள்ள ஒவ்வொரு பைட்டையும் ஒரு பின்சாய்கோடும் மூன்று எட்டடிமான (ஆக்டல்) இலக்கங்களுமாக எழுதுகிறது. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுகள். 'க' ஒன்று மட்டுமே \340\256\225 என்று வரும். முழுப் பெயர் எப்படி இருக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். 'கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபோல்ஸ்' என்று ஒருமுறை தட்டிவிட்டால் தமிழாகவே காட்டத் தொடங்கும்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் இரண்டு 'கொழும்பு'களின் மர்மத்தை அவிழ்க்க அந்த இலக்கங்கள்தான் உதவப்போகின்றன. தமிழாகக் காட்டினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். இலக்கங்களை வைத்துக்கொண்டு 'க'வுக்கு அடுத்து வருவதைப் பாருங்கள். ஒன்றில் \340\257\212 இருக்கும். அது 'ொ' என்ற ஒரே குறி. மற்றதில் \340\257\206 வந்து, பிறகு \340\256\276 வரும். அது 'ெ'யும் 'ா'வும் தனித்தனியே. ஒருவரின் விசைப்பலகை ஒகரத்தை ஒரே குறியாக இட்டிருக்கிறது, மற்றவருடையது ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்து இட்டிருக்கிறது. யூனிகோட் இரண்டையும் சமமாகத்தான் கொள்கிறது, கண்ணுக்கும் ஒன்றுதான். கிட் பார்ப்பது பைட்டுகளை. அதற்கு இவை இரண்டு பெயர்கள். ஒன்று இடாப்பில் இருக்கிறது, மற்றது இல்லை. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய் வருகிற எந்தப் பெயரிலும் இது நேரலாம். மெக் கணினியில் கிட் இதற்கென்றே 'ப்ரீகொம்போஸ் யூனிகோட்' என்றொரு அமைப்பு வைத்திருக்கிறது, மற்றக் கணினிகளில் அந்த உதவி இல்லை.

இரண்டையும் திறந்து உள்ளடக்கம் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் இடாப்பில் இல்லாததை அழித்துவிடலாம். யாராவது அந்த அன்டிராக்ட் கோப்பில் திருத்தம் செய்திருந்தால், திருத்தத்தை மற்றதுக்குக் கொண்டுவந்துவிட்டு அழியுங்கள். இனிமேல் மூன்று பேரும் ஒரே வகைத் தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டுங்கள். இப்படியெல்லாம் வருவதால் பெயர்களை ஆங்கிலத்திலேயே வைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்ச் சஞ்சிகையின் கட்டுரைக்குத் தமிழில் பெயர் இருப்பதுதான் முறை, பின்னால் தேடுகிறவர் தமிழில்தான் தேடுவார். பெயரின் முன்னால் ஆண்டையும் இதழ் எண்ணையும் இலக்கத்தில் போட்டுக்கொண்டால் வரிசையும் ஒழுங்காக வரும்.

லெப்டொப்பைக் கடையில் கொடுக்க முன் இன்னும் ஒன்று. இடாப்பில் இருக்கிறது என்பதற்காக வெளியே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கடைசிக் கமிட்டில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க 'கிட் எல்எஸ்-ட்ரீ -ஆர் --நேம்-ஒன்லி ஹெட்' என்று தட்டுங்கள். பிறகு ஸ்டேட்டஸின் மேல் வரியில் உங்கள் கிளை 'அஹெட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவ்வளவு கமிட்டுகள் இன்னும் உங்கள் டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கின்றன. ஸ்டாஷில் (கமிட் பண்ணாத மாற்றங்களைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும் இடத்தில்) எதையாவது போட்டு வைத்திருந்தால், புஷ் பண்ணும்போது (கமிட்டுகளை வெளியே அனுப்பும்போது) அதுவும் போகாது. 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' வெறுமையா என்று பார்த்துவிடுங்கள்.

டிஸ்க் மாற்றுகிறவர்கள் பழையதைத் திருப்பித் தருவார்களா என்று முதலே கேட்டுவிடுங்கள், வாங்கியும் வையுங்கள். படங்களை வெளி டிஸ்க் இரண்டிலும் ஏற்றி, தெகிவளை நண்பர் தன் கணினியில் பத்துப் படங்களையாவது திறந்து பார்த்து, பக்கங்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றன என்று சொன்ன பிறகு லெப்டொப்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். செக்-இக்னோர் எந்த வரியைக் காட்டியது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா