கேள்வி-பதில்: 40ஆம் லெவலும் 12ஆம் லெவலும்

கேள்வி: ரங்கூனில் படிக்கும் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, பலர் கூடி ஆடும் ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும்) கேம் ஒன்றை போனுக்காகச் செய்து வருகிறோம். வாள், வில், வைத்தியம், கொல்லர் வேலை என்று எட்டு ஸ்கில், ஒவ்வொன்றிலும் 100 லெவல். தெரிந்தவர்கள் 12 பேரிடம் கொடுத்து ஆடச் சொன்னோம். இரண்டே வாரத்தில் சிலர் 40ஐத் தொட்டுவிட்டார்கள், கரண்ட் ஒழுங்காக வராத இடத்தில் இருப்பவர்கள் 12லேயே நிற்கிறார்கள். சேர்ந்து ஆட முடியவில்லை என்று ஐந்து பேர் விட்டுவிட்டார்கள். லெவல் இன்னும் வேகமாக ஏறும்படி செய்யலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் 40இல் இருப்பவர் 80க்குப் போவார், 12இல் இருப்பவர் 24க்கு வருவார். இப்போது 28ஆக இருக்கும் இடைவெளி 56 ஆகிவிடும்.

அனவ்ரதா சாலைப் பக்கம் நான் போகும் டீக்கடையில் போன மாதம் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே பவர் பேங்கில் இரண்டு போனையும் செருகிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு வெட்டு வெட்டினால் அரக்கன் சாய்கிறான், தம்பி எத்தனை முறை அடித்தாலும் தலைக்கு மேல் 0 என்றுதான் வருகிறது. பத்து நிமிஷம் அண்ணன் பின்னாலேயே ஓடிப் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, நான் ரொட்டியையும் அவித்த பட்டாணியையும் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். உங்களை விட்டுப்போன ஐந்து பேருக்கும் இதுதான் நடந்திருக்கும்.

லெவல் ஏற ஏற அடியின் வலுவும் கூடவே ஏறுகிறது, அங்கேதான் கோளாறு. 100ஆம் லெவல்காரரின் அடி 1ஆம் லெவல்காரருடைய அடியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று முதலில் ஒரு கோடு போடுங்கள். மிச்ச வளர்ச்சியெல்லாம் புதிதாக என்ன செய்ய முடியும் என்பதில் வரட்டும்: வில் 10க்கு வந்தால் ஓடிக்கொண்டே எய்யலாம், 30க்கு வந்தால் எதிரியின் காலைக் கட்டிப்போடலாம், இப்படி. 2003இல் வந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிக் கேமில் ஸ்கில் கடிகாரக் கணக்கில் ஏறும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினாலும் ஏறிக்கொண்டே இருக்கும், ஆகவே பழையவர்களின் மொத்தப் பாயிண்டை புதியவர் எட்டிப்பிடிப்பது சிரமம். ஆனால் எந்த ஸ்கில்லும் 5ஆம் லெவலோடு நின்றுவிடும் என்பதால், ஒரு சின்னக் கப்பலை ஓட்டுவதில் மட்டும் கவனம் வைத்தால் அந்த ஒரு வேலையில் பழையவருக்குச் சமமாக நிற்கலாம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், மொத்தத்துக்கு ஒரு வரம்பு. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் ஆரம்ப காலத்தில் ஒரு ஸ்கில் 100 வரைதான் ஏறியது, எல்லாம் சேர்த்து 700தான். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என்று அங்கே யாரும் ஆக முடியாது, கவசம் வேண்டுமென்றால் கொல்லரைத் தேடித்தான் போக வேண்டும். உங்களிடம் எட்டு ஸ்கில், முழுசாகச் சேர்த்தால் 800. வரம்பை 300 என்று வைத்துப் பாருங்கள். வைத்தியம் தெரிந்தவர் 12ஆம் லெவலாக இருந்தாலும் அவரைக் கூப்பிடாமல் குகைக்குள் போக முடியாத நிலை வரும். நம் தெருவில் பிரம்புப் பந்தைக் காலால் தட்டிச் சின்லோன் ஆடுகிறார்களே, அதில் எதிரணி கிடையாது, நடுவில் நிற்பவர் வித்தை காட்ட, சுற்றி நிற்பவர்கள் பந்தைத் தரையில் விடாமல் அவருக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். சுற்றி நிற்பவர் இல்லையென்றால் வித்தையும் இல்லை.

கரண்ட் விஷயத்துக்கும் வழி இருக்கிறது. 2004இல் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, தொடர்ந்து அதிக நேரம் ஆடினால் எக்ஸ்பி (லெவல் ஏறச் சேர்க்கும் அனுபவப் புள்ளி) பாதியாகும் என்று வைத்தார்கள், ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். அதையே திருப்பிப் போட்டு, வெளியே இருந்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்துக்கு இரண்டு மடங்கு என்றதும் சந்தோஷமாகிவிட்டார்கள். நம் ஊருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாதவருக்கு எட்டு மணி நேரச் சேமிப்பு இருக்கட்டும். அதே 2004இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸில் மூத்தவர் ஒருவர் இளையவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால், கூட இருக்கும் வரைக்கும் இளையவரின் லெவல் மூத்தவருக்குப் பக்கத்தில் உயர்ந்து நிற்கும். டீக்கடைத் தம்பிக்கு அது போதும்.

கேள்வி: எங்கள் கேமில் எதைச் செய்கிறார்களோ அந்த ஸ்கில் ஏறும். இரண்டு பேர் ஒருவரையொருவர் மெல்லக் குத்திக்கொண்டு, மாறி மாறி வைத்தியமும் பார்த்து ராத்திரி முழுக்க லெவல் ஏற்றுகிறார்கள். தடுப்பது எப்படி? (மோல்மீன் வாசகர்)

பதில்: அவர்களைத் தடை செய்யாதீர்கள், உங்கள் விதியைத்தான் அவர்கள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். வேலை எவ்வளவு கடினம் என்று பார்த்து எக்ஸ்பி கொடுங்கள். தோற்கவே வாய்ப்பில்லாத வேலைக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாது, நண்பர் உடம்பில் நண்பர் போட்ட காயத்துக்கு மருந்து வைத்தாலும் அப்படியே.

கேள்வி: முதல் லெவலுக்கு 100 எக்ஸ்பி, பிறகு ஒவ்வொன்றுக்கும் 10 சதவீதம் கூட. சரியா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 50ஆம் லெவலுக்குச் சுமார் 10,700, 100ஆம் லெவலுக்குச் சுமார் 12.5 லட்சம் வருகிறது, கடைசி ஒரே ஒரு படி நடுப்படியைப்போல் 117 மடங்கு. ரூன்ஸ்கேப் என்ற கேமில் 99ஆம் லெவலுக்கு மொத்தம் 1,30,34,431 எக்ஸ்பி, அதில் பாதி 92லேயே முடிந்துவிடும், மீதிப் பாதி கடைசி ஏழு லெவலுக்கு. அதை ஆசையோடு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அங்கே அதைச் சுற்றி ஒரு பெரிய உலகமே இருக்கிறது. நீங்கள் எக்ஸ்பியை மறந்துவிட்டு மணி நேரத்தை எழுதுங்கள். 10ஆம் லெவல் முதல் நாளே, 50 ஒரு மாதத்தில், இப்படி ஒரு தாளில் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் சராசரியாக எவ்வளவு எக்ஸ்பி கிடைக்கிறது என்று ஆடிப் பார்த்துப் பெருக்கிவிடுங்கள்.

கேள்வி: தவறான ஸ்கில்லில் பாயிண்ட் போட்டவர் மாற்றிக்கொள்ள விடலாமா?

பதில்: தாராளமாக. விலை வைத்தால் ஆட்டத்துக்குள் கிடைக்கும் காசாக இருக்கட்டும். நீங்களே ஒரு ஸ்கில்லின் வலுவைக் குறைத்தால், அந்த வாரம் அதை வைத்திருந்த எல்லாருக்கும் இலவசம்.