பிள்ளையாருக்கு முதல் அம்மன் பாட்டு வருவது ஏன்?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் சிறிய ஒலிபெருக்கிச் சேவை ஒன்று நடத்துகிறோம். கோயில் பொங்கல், திருவிழா என்றால் லப்டொப்பில் வி.எல்.சி. பிளேயர் போட்டுத்தான் பாட்டு விடுவது. போல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் வரிசை மாறி ஓடுகிறது. பிள்ளையார் பாட்டுக்கு முதல் அம்மன் பாட்டு வந்து ஐயரிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் போல்டர்கள் எல்லாம் விரிவதில்லை. ஒரு பாட்டு காதைப் பிளக்கிறது, அடுத்தது கேட்கவே இல்லை. கரண்ட் போய் வந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: வி.எல்.சி.யில் கை வைக்க முதல் போல்டரில் கை வையுங்கள். உங்கள் போல்டர்களின் பெயர் 'அம்மன்', 'பிள்ளையார்', 'முருகன்' என்று இருந்தால், அகரவரிசையில் 'அ'தான் முன்னுக்கு வரும். கணினிக்கு அகரவரிசை தெரியும், ஆகமம் தெரியாது. ஆகவே எந்த வரிசையில் ஓட வேண்டுமோ அதை இலக்கமாகப் பெயரின் தலையிலேயே வைத்துவிடுங்கள்: '01 விடியல்', '02 பிள்ளையார்', '03 அம்மன்', '04 நாதஸ்வரம்'. உள்ளே இருக்கும் பாட்டுகளுக்கும் அதே முறைதான்.

இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியத்தை விட்டுவிட வேண்டாம். விண்டோஸ் தன்னுடைய ஜன்னலில் 1, 2, 10 என்று ஒழுங்காகக் காட்டும். பல பிளேயர்கள் எழுத்து எழுத்தாகப் பார்த்து 1, 10, 11, 2 என்று அடுக்கும். 01, 02 என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே வரிசைதான். ஒரு போல்டரில் 99 பாட்டுக்கு மேல் இருந்தால் 001 என்று தொடங்குங்கள். எல்லாவற்றையும் தெரிவு செய்து எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றப் போகாதீர்கள். பாட்டுப் பெயர் எல்லாம் அழிந்து 'பாட்டு (1)', 'பாட்டு (2)' என்றாகிவிடும். எம்பி3டாக் என்ற இலவச மென்பொருளில் இலக்கமும் தலைப்பும் சேர்த்து மொத்தமாகப் பெயரிடலாம்.

அதே மென்பொருள் இன்னொரு குழப்பத்துக்கும் உதவும். எம்பி3 கோப்புக்கு வெளியே ஒரு பெயர், உள்ளே 'டாக்' என்று ஒரு பெயர். வி.எல்.சி.யின் பட்டியலில் தெரிவது உள்ளே இருக்கும் தலைப்பு. இணையத்தில் இறக்கிய பாட்டுகளில் அந்த இடத்தில் இணையத்தளத்தின் பெயரைத்தான் எழுதி வைத்திருப்பார்கள். அதனால் நாற்பது பாட்டும் ஒரே பெயரில் நிற்கும், தலைப்பை வைத்து வரிசைப்படுத்தினால் எல்லாம் கலைந்துவிடும். ஓரிரண்டு பாட்டு என்றால் வி.எல்.சி.யிலேயே கொன்ட்ரோலுடன் 'ஐ' அழுத்தித் தலைப்பைத் திருத்தி 'சேவ் மெட்டாடேட்டா' கொடுத்தால் போதும்.

இனி ஓட விடுவது. பாட்டுகளைத் தனித்தனியே தெரிவு செய்து திறப்பதில் இரண்டு வில்லங்கம் உண்டு. விண்டோஸில் 15 கோப்புக்கு மேல் தெரிவு செய்தால் வலது கிளிக்கில் 'ஓப்பன்' காணாமல் போய்விடும். இழுத்துப் போட்டாலோ, மவுஸ் எந்தப் பாட்டின் மேல் பிடித்திருந்ததோ அது முதலாவதாகப் போய் நிற்கும். ஆகவே முழுப் போல்டரையும் கொடுங்கள். வி.எல்.சி.யில் மீடியா பட்டியலில் 'ஓப்பன் போல்டர்' இருக்கிறது, கொன்ட்ரோலுடன் 'எஃப்' அழுத்தினாலும் அதுவே. பிறகு கொன்ட்ரோலுடன் 'எல்' அழுத்திப் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். வரிசையைக் கலைத்து ஓட விடும் ஷஃபிள் பொத்தான் கீழே இருக்கிறது, அது அழுத்துப்பட்டிருந்தால் மேலே சொன்ன வேலை எல்லாம் வீண். அதை முதலில் நிறுத்துங்கள்.

உட்போல்டர்கள் விரியாததற்குக் காரணம் ஒரு செற்றிங். டூல்ஸ், பிரிஃபரன்சஸ் என்று போய், இடது பக்கம் கீழே 'ஆல்' என்பதைத் தெரிவு செய்து 'பிளேலிஸ்ட்' பகுதியைத் திறந்தால் 'சப்டைரக்டரி பிகேவியர்' என்று ஒன்று இருக்கும். அது 'நன்' என்றிருந்தால் உட்போல்டர் பட்டியலுக்கே வராது. 'கொலாப்ஸ்' என்றால் பெயர் மட்டும் நிற்கும், அதன் முறை வரும்போதுதான் விரியும். 'எக்ஸ்பாண்ட்' ஆக்கிச் சேமித்து, வி.எல்.சி.யை மூடித் திறவுங்கள்.

பட்டியல் சரியாக வந்ததும் கொன்ட்ரோலுடன் 'வை' அழுத்திச் சேமியுங்கள். வகை கேட்கும் இடத்தில் 'எம்3யு8' எடுங்கள். எட்டு இல்லாத பழைய 'எம்3யு'வில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடக் கூடும். பட்டியலுக்குள் பாட்டு இல்லை, பாட்டு இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கிறது. பென் ட்ரைவ் ஒருநாள் 'ஈ' என்றும் மறுநாள் 'எஃப்' என்றும் ஏறினால் பட்டியல் வெறும் எலும்புக்கூடு. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் அந்த ட்ரைவுக்கு நிரந்தரமாக 'எம்' போன்ற ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள்.

சத்தம் ஏறி இறங்குவது பிளேயரின் பிழை அல்ல. பழைய நாதஸ்வரப் பதிவு மெதுவாகவும் புதிய பக்திப்பாட்டு உச்சத்திலும் பதியப்பட்டிருக்கும். எம்பி3கெயின் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் 89 டெசிபல் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவரும். 1.5 டெசிபல் படிகளாக மாற்றும், ஒலித்தரம் கெடாது, எந்தக் கருவியில் போட்டாலும் பலன் தெரியும். தமிழ்ப் பெயருள்ள கோப்பில் அது தடுமாறக் கூடும். ஆகவே முதலில் இலக்கப் பெயரோடு ஒரு பிரதியில் செய்து பாருங்கள். வி.எல்.சி.யின் சத்தத்தை 100க்கு மேல் ஏற்றாதீர்கள். 125 வரை இடம் இருக்கிறதுதான், ஆனால் 100 தாண்டினால் கரகரப்புத்தான் கூடும். சத்தம் போதாவிட்டால் மிக்ஸரில் கூட்டுங்கள்.

சேவைக்காரர் பலர் கவனிக்காத விடயம் ஸ்டீரியோ. இடது சனலை வீதிப் பக்கம் உள்ள ஒலிபெருக்கிக்கும் வலதைக் கோயில் வாசலுக்கும் கொடுத்துவிட்டால், சில பழைய பதிவுகளில் வீதியில் நிற்பவருக்குப் பாடகர் குரலும் வாசலில் நிற்பவருக்கு மிருதங்கமும் மட்டும் கேட்கும். வி.எல்.சி.யில் ஓடியோ, ஸ்டீரியோ மோட் என்று போய், இரண்டு சனலையும் ஒன்றாக்கும் 'மோனோ' என்று ஆக்குங்கள். மிக்ஸரில் ஒரு வழி மட்டும் இருந்தால் ஒற்றைச் சனல் ஜாக்கைக் குத்தி ஒப்பேற்றாமல், இரண்டையும் சேர்க்கும் வயரை வாங்குங்கள்.

பாட்டோடு 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லப்டொப்பின் சார்ஜரை ஒருமுறை கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் தரைக்கம்பிச் சுற்றுத்தான் காரணம், அதாவது லப்டொப்பும் அம்ப்ளிபயரும் இரண்டு வழியாக எர்த்தில் இணைந்திருப்பது. சிறிய கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை ஓடியோ வயரின் நடுவில் போட்டால் தீர்ந்துவிடும். பிளக்கின் எர்த் காலை வெட்டி எடுப்பது வைத்தியம் இல்லை, உயிராபத்து.

கரண்ட் விடயத்தில், லப்டொப் தானாக நிற்கிறது என்றால் பற்றரி செத்துவிட்டது. திருவிழாவுக்கு முதல்நாள் சார்ஜரைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். மின்சாரம் போனவுடன் அம்ப்ளிபயரின் சத்தத்தை இறக்கி ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள். ஜெனரேற்றர் தொடங்கும்போது வரும் 'டொம்' ஒலிபெருக்கியின் சுருளைக் கருக்கிவிடும். போடும்போது அம்ப் கடைசி, அணைக்கும்போது அம்ப் முதல். ஓடிய பாட்டின் இலக்கத்தை ஒரு துண்டில் குறித்து வைத்தால், சேமித்த பட்டியலைத் திறந்து அந்த இலக்கத்தை இரட்டைக் கிளிக் செய்ய வேண்டியதுதான். லப்டொப்பின் மூடியை மூடினால் உறங்காதபடி பவர் செற்றிங்கில் 'டூ நத்திங்' ஆக்குங்கள். சவுண்ட் செற்றிங்கில் 'நோ சவுண்ட்ஸ்' தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் தீபாராதனை நேரத்தில் விண்டோஸ் 'டிங்' என்று மணியடிக்கும்.

கடைசியாக, லப்டொப் கைவிட்டால் அம்ப்ளிபயரில் நேரே குத்த ஒரு பென் ட்ரைவ். 16 அல்லது 32 ஜிபி, ஃபோர்மட் செய்யும்போது 'ஃபெட்32' என்ற வடிவைத் தெரிவு செய்யுங்கள். அம்ப்ளிபயருக்குள் பென் ட்ரைவை வாசிக்கும் சின்னப் பலகைகள் பல, பெயரைப் பார்ப்பதில்லை, கொப்பி செய்த வரிசையிலேயே வாசிக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துப் புதிதாக ஒன்றைப் போட்டால், அது அழிந்த இடத்தில் போய் உட்கார்ந்து நடுவிலேயே பாடும். மாற்றம் வந்தால் முழுவதையும் ஃபோர்மட் செய்து, போல்டர்களை 01இலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கொப்பி செய்யுங்கள்.